போர்வைப் பொறுப்பாளர்

தான் வாயைத் திறக்காவிட்டால் இந்த ஊரில் ஒரு டீ கோப்பைகூட ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகாது என்பது முதலாளியின் நம்பிக்கை. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுப்பது அவர் தொழில். ஒரு பெரிய லாரி, ஒரு சின்ன லாரி, பின்னால் கிடங்கு, முன்னால் மேசையும் தொலைபேசியும் வைத்த ஓர் அறை. கம்பெனி அவ்வளவுதான். வேலைக்கு வெளியாள் ஒருவரும் கிடையாது. பெரிய லாரியை ஓட்டுவது அவருடைய தம்பி. சாமான்களைக் கட்டுவது, அடுக்குவது, நடுவில் எந்த மெத்தை கிடைத்தாலும் அதில் கொஞ்சம் கண்ணயர்வது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சின்ன லாரியை ஓட்டுவதும், கட்டிலைக் கழற்றி மாட்டுவதும், எதைத் தூக்கினாலும் கனமான முனையைப் பிடிப்பதும் மருமகன். தொலைபேசியை எடுப்பது மனைவி. இத்தனை பேருக்கும் சேர்த்து யோசிப்பது முதலாளி.

"தூக்கு! நிறுத்து! இடது பக்கம் சாய்! உன் இடது இல்லடா, என் இடது!" என்று அவர் படிக்கட்டின் அடியில் நின்று போடும் சத்தத்தில், வீடு மாற்றுகிற எண்ணமே இல்லாத எதிர்வீட்டுக்காரர்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பட்டப்பெயர். மருமகனிடம் மட்டும் மரியாதை குறையாது. "மாப்பிள்ளை, கையில எலும்பு இருக்கா இல்லையா? தயவுசெஞ்சு தூக்குங்க!" என்பார், அதே சத்தத்தில்.

கயிற்றை எங்கே கட்டுவது, டேப்பை எத்தனை சுற்று ஓட்டுவது, கண்ணாடியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று எல்லாவற்றையும் அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கேட்காமல் செய்தால் திட்டு. கேட்டால், "இதைக்கூட நான்தான் சொல்லணுமா?" என்று அதற்கும் திட்டு. மதியம் எல்லோரும் கிடங்கில் சேர்ந்து சாப்பிடும்போது அந்தப் பாட்டை முழுசாகப் பாடுவார்.

"எல்லாத்தையும் நானே சொல்லணும். ஒருத்தனுக்காவது சொந்த மூளைன்னு ஒண்ணு இருக்கா? என் தலையில எவ்வளவுதான் ஏறும்?"

இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. மழை பெய்தால் யார் பதில் சொல்கிறார்கள்? ஆனால் ஒரு நாள் மகள் பதில் சொன்னாள்.

மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். போன வருடம் அந்தக் கம்பெனி அவளையும் அவள் பிரிவில் இருந்த அத்தனை பேரையும் கைகுலுக்கி, பூங்கொத்து கொடுத்து வெளியே அனுப்பிவைத்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஏதோ ஒரு பயிலரங்குக்குப் போனாள். அங்கே வகுப்பெடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, உலகத்தில் முதலாளி என்று ஒருவன் தேவையே இல்லை என்று நிரூபித்தாராம். அவர் எந்தத் தொழிலையாவது நடத்தியிருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்றாள் பாப்பா.

பிறந்ததிலிருந்து மகள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"எது சரி?"

"எல்லாத்தையும் நீங்களே சொல்ல வேண்டியிருக்குன்னு சொன்னீங்கல்ல? அது உங்க தப்பும் இல்ல, இவங்க தப்பும் இல்ல. அமைப்போட தப்பு."

"அமைப்பா? அது யாரு?"

"நாம நடத்தற விதம்ப்பா. முதலாளியே இல்லாம நடத்தலாம். ஆளுக்கு ஒரு ரோல். அந்த ரோலுக்குள்ள அவங்க முடிவு அவங்களோடது, யாரையும் கேக்க வேண்டாம். கம்பெனி தன்னைத்தானே நடத்திக்கும்."

"லாரியுமா?" என்றான் தம்பி ஆவலாக.

முதலாளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அதற்குப் பிறகு, கை கழுவும்போது, ஓர் அருமையான யோசனை வந்தது. விட்டுப் பார்த்தால் என்ன? ஒரே வாரம். கயிறு கட்டத் தெரியாமல், வழி தெரியாமல், வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் எல்லோரும் இந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள், கெஞ்சுவார்கள். அப்போது உடனே சரி என்று சொல்லக்கூடாது, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும் என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டார்.

"சரிம்மா, செய்," என்றார்.

மனைவிதான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாளே கிடங்கில் கூட்டம். 'உடையும் பொருள்' என்று எழுதிய அட்டைப்பெட்டிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். மச்சான் மட்டும் தொலைநோக்கோடு ஒரு சுருட்டிய மெத்தையைத் தேர்ந்தெடுத்தான்.

"முதல்ல யாருக்காவது டென்ஷன் இருந்தா அதைச் சொல்லலாம்," என்று பாப்பா தொடங்கினாள்.

"எனக்குக் காலையில இருந்து ஒரு டென்ஷனும் இல்ல," என்றான் மச்சான். "இப்பத்தான் லேசா ஆரம்பிக்குது."

"டென்ஷன்னா கோவம் இல்ல மாமா. இப்ப இருக்கற நிலைமைக்கும், இருக்க வேண்டிய நிலைமைக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குல்ல, அதுதான்."

"அப்ப, டீ இன்னும் வரலையே, அது டென்ஷன்தானா?"

"அதேதான்!" பாப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாமாவுக்கு இவ்வளவு சீக்கிரம் புரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ரோல்களைப் பங்கு போட்டார்கள். தம்பி பாதையை எடுத்துக்கொண்டான். எந்த வழியில் போவது என்பது இனி அவன் முடிவு. மருமகனுக்குக் கருவிகள். மனைவிக்கு வாடிக்கையாளர் உறவு. மச்சான் வெகுநேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "வேலை செய்யறவங்க யாரு களைச்சுப் போயிருக்காங்கன்னு பாத்து ஓய்வு குடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்தக் கஷ்டத்தை நான் எடுத்துக்கறேன்," என்றான். ஆட்சேபம் இல்லை. பாப்பா வழிநடத்துநர்.

"அது முதலாளிதானே?" என்றார் முதலாளி.

"இல்லப்பா. முதலாளி முடிவெடுப்பார். நான் எப்படி முடிவெடுக்கணுங்கறதை மட்டும்தான் முடிவெடுப்பேன்."

"அப்ப எனக்கு?"

எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"உங்களுக்கு எதுல ஆர்வம்ப்பா?"

"எல்லாத்துலயும்தான்!"

"எல்லாம்னு ஒரு ரோல் கிடையாதுப்பா," என்றாள் பாப்பா, மிகுந்த அன்போடு.

மிச்சம் இருந்தது போர்வைகள் மட்டும். மேசைக்கும் பீரோவுக்கும் கீறல் விழாமல் சுற்றுவதற்கு வைத்திருக்கும் தடிமனான பழைய போர்வைகள். அவற்றை உதறி மடித்து எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து அடுக்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கட்டிய கம்பெனியில் முதலாளி போர்வைப் பொறுப்பாளர் ஆனார். வெளியே சிரித்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு வாரத்தை எண்ணத் தொடங்கினார்.

எண்ணியது வீண்போகவில்லை. இரண்டாம் நாளே இரண்டு லாரிகளும் ஒரே வீட்டுக்குப் போய் நின்றன. இன்னொரு வீட்டுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளையெல்லாம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போகிறவர்போல வைத்துக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தார். அங்கே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, யார் எங்கே குழம்பினார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் கிளம்புமுன் இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது என்று முடிவாகிவிட்டதாம். அவரை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, போர்வை விஷயமா ஏதாவது டென்ஷன் இருக்கா?" என்று மகள் மட்டும் கேட்டாள்.

வாரம் முடிந்தது. ஒருவரும் கெஞ்சவில்லை.

கம்பெனி நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. தம்பிக்கு ஏரிக்கரைச் சாலை பிடிக்கும், காற்று நன்றாக இருக்கும் என்று. ஆகவே வடக்கே போக வேண்டிய சோபாவும் தெற்கே போக வேண்டிய சோபாவும் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தன. கேட்டால், "பாதை என் ரோல்," என்பான். மனைவி தனக்குப் பிடிக்காத வாடிக்கையாளர்களை நிராகரிக்கத் தொடங்கினாள். ஒருவர் தொலைபேசியில் கொஞ்சம் அதட்டிப் பேசிவிட்டார். "உங்க சாமான் உங்க வீட்டுலயே பத்திரமா இருக்கட்டும்," என்று வைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து, "இருங்க, அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று மட்டுமே அந்தத் தொலைபேசியில் சொல்லிவந்தவள். சாயங்காலம் வீட்டில் முதலாளி டீ கேட்டபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது என் ரோல் இல்லீங்களே."

அவரே போட்டுக் குடித்தார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் அவளைக் கேட்க வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் அவர் கவனித்தார். பாப்பாவின் குரல் ஏறவே இல்லை. ஆனால் எல்லோரும் அவளைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலை முழுவதும் டேப்பைப் பற்றியே கூட்டம் நடந்தது. டேப் என்பது கருவியா, அல்லது கட்டும் பொருளா? கருவி என்றால் மருமகனைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கட்டும் பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வாடிக்கையாளர் வீட்டில் சாமானெல்லாம் திறந்த பெட்டிகளில் காத்திருந்தது. "பாப்பா, நீயே சொல்லிடும்மா, போகலாம்," என்றான் தம்பி. "நான் எப்படிச் சித்தப்பா சொல்றது? நான் யாருக்கும் ஆர்டர் போடறதில்லையே," என்று அவள் அடுத்த சுற்றைத் தொடங்கினாள். மச்சான் தன் முறை வரும்போதெல்லாம் கண்விழித்து, "ஆட்சேபம் இல்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினான்.

'என் சத்தத்துக்காவது ஒரு முடிவு இருந்தது,' என்று முதலாளி நினைத்துக்கொண்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. கேட்கட்டும், சொல்கிறேன்.

கேட்கிறவரைக்கும் போர்வைகளை மடித்தார். முதலில் அவற்றை உதறும்போது ஒவ்வொரு போர்வையும் ஒவ்வொருவருடைய முதுகு என்று நினைத்துக்கொண்டுதான் அடித்து உதறினார். பிறகு பார்த்தால், பாதிப் போர்வைகள் ஓரம் பிரிந்து கிடந்தன. ஊசி நூல் வாங்கித் தைத்தார். துவைத்துக் கொடியில் போட்டார். பெரியது, சின்னது, பீரோவுக்கு உள்ளது, கண்ணாடிக்கு உள்ளது என்று பிரித்து அடுக்கினார். அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

அப்போது மச்சான் வந்து நின்றான்.

"அத்தான், ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. என் ரோல்படி நீங்க இப்பப் படுக்கணும்."

"போடா அந்தப் பக்கம்."

"என் முடிவு அத்தான். இதுக்கு நான் யாரையும் கேக்க வேண்டாம்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், போர்வைக் குவியலைப் பார்த்தார். சும்மா சாய்ந்தார். கண்ணைத் திறந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பகலில் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. பக்கத்தில் மச்சானும் தூங்கிக்கொண்டிருந்தான். பொறுப்பைப் பாதியில் விடுகிறவன் இல்லை அவன்.

இந்த நிலையில்தான் பல் டாக்டர் அம்மாளின் வேலை வந்தது. பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியிலிருந்து அவருடைய பல் ஆஸ்பத்திரி வேறு தெருவுக்குப் போகிறது. ஒல்லியான, அமைதியான மனுஷி. மனைவிக்கு அவர் குரல் பிடித்துப்போனதால் வேலையை ஒப்புக்கொண்டாள். மேசை, அலமாரி, கருவிப் பெட்டிகள் எல்லாம் சிரமமில்லாமல் இறங்கின. கடைசியில் மிச்சமிருந்தது நோயாளி சாய்ந்து படுக்கும் பெரிய நாற்காலி. பார்ப்பதற்கு மெத்தென்று இருந்தாலும், அதன் இரும்புப் பாதத்தோடு சேர்த்துத் தூக்கினால் ஒரு யானைக்குட்டி.

கீழ்முனையை வழக்கம்போல மருமகன் பிடித்தான். மேல்முனையில் தம்பியும் மச்சானும். அவர்களுக்குப் பின்னால் மேல்படியில் பாப்பா. மருமகனுக்குச் சில படிகள் கீழே, தோளில் போர்வைகளோடு முதலாளி. பாதிவரைக்கும் நல்லபடியாகத்தான் வந்தார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலியின் கைப்பிடி சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"இந்தப் பக்கம் திருப்பு," என்றான் தம்பி.

"திருப்ப வேண்டாம், ரெண்டு படி மேல ஏத்து," என்றான் மச்சான்.

"படிக்கட்டும் பாதைதான். பாதை என் ரோல். திருப்பு."

"மாப்பிள்ளையைப் பாரு, களைச்சுட்டாரு. ஓய்வு என் ரோல். கீழ வை."

"எங்க வைக்கறது? தலையிலயா?" என்றான் தம்பி.

"ஒரு நிமிஷம்," என்றாள் பாப்பா மேலிருந்து. "இங்க ரெண்டு ரோல் மோதுது. இது நல்ல விஷயம்தான். பதட்டப்படாம ஒவ்வொருத்தரா ஒரு சுத்துப் பேசிடலாம். சித்தப்பா, முதல்ல நீங்க."

தம்பி பேசினான். ஏரிக்கரையிலிருந்து தொடங்கினான். மருமகனின் கைநரம்புகள் புடைத்து, முகம் சிவந்துவிட்டது. இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன், "எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றான்.

"உங்க முறை வரும்ங்க," என்றாள் அவன் மனைவியான பாப்பா.

முதலாளி கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை ஒரு சாண் உயர்த்தி உள்பக்கம் சாய்த்தால் போதும். சின்னக் குழந்தைக்குத் தெரியும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஆனால் சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் திரும்பி, "அப்பா, என்ன செய்யறது?" என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், சொல்லிவிடுவார். அவர்கள் எல்லோருடைய கண்ணும் நாற்காலிமேல் இருந்தது. அவர் காத்திருந்தார்.

மச்சானின் முறை வந்தபோது அவன் கை வழுக்கியது. நாற்காலி ஒரு படி இறங்கியது. இரும்புப் பாதத்துக்கும் சுவருக்கும் நடுவில் மருமகனின் கட்டைவிரல் அகப்பட்டது. "ஐயோ," என்றான் அவன், அதையும் மரியாதையாக.

இப்போது முதலாளி கத்த நினைத்தார். குரல் வரவில்லை. வாய் திறந்தபடி இருக்க, கை மட்டும் ஓடியது. தோளில் இருந்த போர்வைகளைப் பாதத்துக்கு அடியில் திணித்து, நெஞ்சைக் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றார். நாற்காலி நின்றது. மொத்தக் கம்பெனியிலும் அந்த நேரத்தில் தன் ரோலை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

"எல்லாரும் வாயை மூடுங்க."

கீழிருந்து வந்த குரல் அது. வாழ்நாள் முழுக்க எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிவந்த டாக்டர் அம்மாள் இப்படிச் சொன்னதும் ஐவரும் டப்பென்று மூடிக்கொண்டார்கள்.

"மேல இருக்கற ரெண்டு பேரும் உங்க பக்கம் கொஞ்சம் இழுங்க. போதும். கைப்பிடியைத் தூக்கி உள்பக்கமா சாய்ங்க. அவ்வளவுதான். கீழ இருக்கற தம்பி, விரலை எடுத்துக்குங்க. போர்வைக்காரரே, நீங்க அப்படியே இருங்க. ரொம்ப நல்லா செய்யறீங்க. இப்ப மெதுவா வாங்க."

நாற்காலி தூங்குகிற குழந்தையைப்போல இறங்கி வந்தது.

மருமகனை அதே நாற்காலியில் உட்காரவைத்து, டாக்டர் அம்மாள் நடைபாதையிலேயே அவன் விரலைப் பார்த்தார். பஞ்சும் துணிக்கட்டும் எந்தப் பெட்டியில் என்று கேட்டார். எந்தப் பெட்டியிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. பெட்டிமேல் எழுதுவது யாருடைய ரோல் என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடி எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, நகம் போய்விடும் என்றார்.

"உங்கள்ல முதலாளி யாரு?"

தம்பி மச்சானைப் பார்த்தான். மச்சான் லாரியைப் பார்த்தான். முதலாளி தன் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எங்ககிட்ட முதலாளின்னு யாரும் இல்ல டாக்டர்," என்றாள் பாப்பா. கண் கலங்கியிருந்தாலும் வாக்கியம் பழக்கத்தில் வந்தது. "இது தன்னைத்தானே நடத்திக்கற கம்பெனி."

"அது தெரியுது," என்றார் டாக்டர்.

கிடங்குக்குத் திரும்பினார்கள். கட்டுப்போட்ட கையோடு மருமகன் இறங்குவதைப் பார்த்ததும் முதலாளியின் மனைவி தொலைபேசியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். விரலைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"இது யாரோட ரோல்?" என்றாள்.

மருமகன் தானே போய் அட்டைப்பெட்டிகளை இடது கையால் இழுத்து வட்டமாகப் போட்டான்.

"நான் பேசலாமா? என் முறை வந்துடுச்சா?" என்று கேட்டான்.

"நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வார்த்தை. 'விழப்போகுது'ன்னு. அதுக்கு முறை வரலை. முன்னாடி மாமா கத்துவார். எனக்குக் காதுதான் வலிக்கும். இப்பக் கை வலிக்குது. கத்தல் இல்லாம இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. கருவிகளை என் இஷ்டத்துக்கு வெச்சுக்கறதும் பிடிச்சிருக்கு. அதெல்லாம் இருக்கட்டும். ஆனா ஒரு பொருள் கையில இருக்கறப்போ ஒரே ஒரு ஆள்தான் பேசணும். அதுக்கு ஒரு ரோல் போடணும். அப்புறம், இனிமே கூட்டம் நடந்தா எல்லாரும் நின்னுக்கிட்டு, ஆளுக்கு ஒரு கனமான சாமானைக் கையில தூக்கிக்கிட்டுதான் பேசணும். ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க."

அவன் இவ்வளவு பேசுவான் என்று கட்டிய மனைவிக்கே தெரியாது. ஆட்சேபம் இல்லை.

"யாரு அந்த ஆள்?" என்றான் தம்பி.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதோ வந்துவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். எதிரே பாப்பாவும் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"எங்க சின்ன மாமாதான்," என்று மச்சானைக் காட்டினான் மருமகன்.

தூங்கிக்கொண்டிருந்த மச்சான், "ஆட்சேபம் இல்ல," என்றான்.

"இவனா?" முதலாளி எழுந்தேவிட்டார். "இவன் சோம்பேறியாச்சே!"

"அதுக்குத்தாங்க," என்றாள் மனைவி நிதானமாக. "தேவையில்லாம ஒரு வார்த்தை பேச மாட்டான். பேசறதுகூட அவனுக்கு வேலைதான்."

"எனக்கு ஆட்சேபம் இருக்கு!"

"கம்பெனிக்கு என்ன கெடுதல் வரும்னு சொல்லணும்ப்பா," என்றாள் பாப்பா. விதி தானாக வாயில் வந்துவிட்டது.

"என் மனசு வலிக்கும்!"

"அது டென்ஷன். ஆட்சேபம் ஆகாது." சொல்லி முடித்த பிறகுதான், தன்னுடைய ஆட்சேபத்துக்கும் இதே கதிதான் என்று அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இப்படியாக, அந்தக் கம்பெனியின் முதல் ஜனநாயக முடிவு ஒருமனதாக நிறைவேறியது. தேர்ந்தெடுக்கப்பட்டவனை எழுப்பி விஷயத்தைச் சொன்னபோது அவன் அழாத குறை.

ஆனால் ஆள் தோற்கவில்லை. மாடிப்படியில் மச்சான் போடுகிற உத்தரவு இரண்டே இரண்டுதான். தூக்குவதற்கு "ம்". நிறுத்துவதற்கு "ம்ஹூம்". வேலை சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் படுக்கலாம் என்பதால், எந்தச் சாமானை எப்படிச் சாய்த்தால் ஒரே மூச்சில் இறங்கும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கூட்டங்களும் சுருங்கிவிட்டன. கையில் அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு டேப் கருவியா இல்லையா என்று விவாதிக்க யாருக்கும் ஆசை வரவில்லை. தொலைபேசியில் யாராவது முதலாளியைக் கேட்டால், "என்ன விஷயம்னு சொல்லுங்க, அதுக்கு யாரு முதலாளின்னு சொல்றேன்," என்கிறாள் மனைவி. தம்பி மட்டும் இன்னும் ஏரிக்கரைச் சாலையை விடவில்லை.

போர்வைகள் முதலாளியிடமே இருந்தன. வேறு ரோல் வேண்டுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார், சொல்லவில்லை. பெட்டிமேல் எழுதுகிற வேலையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். முன்னிருக்கையில் இடமில்லாததால், சாமான் ஏற்றப் போகும்போது அப்பாவும் மகளும் காலி லாரியின் பின்பக்கம் போர்வைக் குவியலில் உட்கார்ந்து போவார்கள். முதல் சில நாட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் ஏரி தெரிய ஆரம்பித்தபோது பாப்பா கேட்டாள்.

"அப்பா, அன்னைக்குப் படியில நீங்க ஏன் கத்தல? என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

அவர் ஒரு போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார்.

"தெரியும். நீங்க யாராவது கேப்பீங்கன்னு நின்னேன்."

பாப்பா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் நீங்க கத்துவீங்கன்னுதான் நின்னேன்," என்றாள். "கத்தட்டும்னு. கத்தினா, எல்லாம் கெட்டுப்போனதே உங்களாலதான்னு சொல்லிடலாம்ல."

முதலாளி அவளை உற்றுப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வந்தது சிரிப்பு. ஒலிபெருக்கியின் சிரிப்பு லாரித் தகரத்தில் பட்டு எதிரொலித்தது. பாப்பாவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதே," என்றார்.

"ஐயோ, சொல்லுவேனா?"

லாரி நின்றது. பின்கதவு திறந்தது. வாசலில் ஒரு நீளமான மேசை காத்திருந்தது. மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தான். மருமகனின் விரலில் இன்னும் புது நகம் முளைக்கவில்லை. முதலாளி இறங்கி மேசையைப் போர்வையால் சுற்றினார், கனமான முனைக்குப் போனார். பாப்பா மறுமுனைக்குப் போனாள். இருவரும் குனிந்து பிடித்துக்கொண்டு மச்சானின் வாயைப் பார்த்தார்கள்.